போலோ: இடது முன்பக்கம் தூக்கி நிற்கிறது, வலது பின் டயர் உரசுகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆழியாறு_டீசல் | சனி, இரவு 10.42

வணக்கம். வண்டி 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ 1.5 டிடிஐ (டீசல்), 92,000 கிமீ ஓடியது. நான் இரண்டாவது ஓனர். போன மாதம் வரை கம்பெனியிலிருந்து வந்தபடியேதான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அப்புறம் ஆசை யாரை விட்டது. பழைய லோயரிங் ஸ்பிரிங் ஒரு செட் கைமாற்றாகக் கிடைத்தது, 35 மிமீ இறங்கும் என்றார்கள். கூடவே 16 இன்ச் அலாய் வீல், 7ஜே (ரிம் அகலம் 7 இன்ச்), ஈடி 35 (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மிமீ தள்ளி என்பது; குறைந்தால் வீல் வெளியே வரும்). டயர் 205/55 ஆர்16. ஏன் அந்த சைஸ் என்று கேட்காதீர்கள், கடையில் அன்றைக்கு அதுதான் இருந்தது. பின்னால் மட்டும் 8 மிமீ ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு), அது வீல் விற்றவர் "லுக் நல்லா இருக்கும்" என்று சும்மா கொடுத்தது.

இப்போது பிரச்சினை ஒன்றா இரண்டா. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஃபுல் லாக் ஒடித்தால் முன்னால் இடது டயர் எதிலோ "ஸ்ஸ்ஸ்" என்று உரசுகிறது, வலது பக்கம் ஒடித்தால் சத்தம் இல்லை. நான்கு பேர் உட்கார்ந்து வால்பாறை ஏறினால் இடது வளைவுகளில் பின்னால் வலது டயர் ஃபெண்டரில் உரசுகிறது, ரப்பர் வாசனை உள்ளே வருகிறது. வேகத்தடையில் முன்னால் "டம்" என்று அடி. இதையெல்லாம் விட மனசை உறுத்துவது, வண்டி சமமாக நிற்கவில்லை. இடது பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கிறது, பார்த்தாலே தெரிகிறது. கையை விட்டால் லேசாக இடது பக்கம் இழுக்கவும் செய்கிறது.

ஸ்பிரிங் மாட்டிய பட்டறையில் கேட்டால் "புது ஸ்பிரிங் செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்கிறார். அலைன்மென்ட் கடைக்காரர் "ரோடு இடது பக்கம் சரிவு, எல்லா வண்டியும் இழுக்கும்" என்கிறார். 1,400 கிமீ ஓட்டிவிட்டேன்.

சின்னமலை_ஜிடி | சனி, இரவு 11.05

இதற்கு ஏன் இவ்வளவு கவலை ப்ரோ. பின் ஃபெண்டர் உள் மடிப்பை டிங்கரிடம் சொல்லித் தட்டி மடக்கிவிடுங்கள், ஒரு மணி நேர வேலை. லோயர் பண்ணிய எல்லாரும் செய்வதுதான். முன்னால் லைனரை, அதான் ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை, கொஞ்சம் வெட்டினால் அந்தச் சத்தமும் போய்விடும்.

கணக்குவாத்தியார் | சனி, இரவு 11.48

வெட்டுவதற்கும் தட்டுவதற்கும் முன்னால் காகிதமும் பேனாவும் எடுங்கள்.

உங்கள் பழைய டயர் 185/60 ஆர்15. பக்கச்சுவர் 185இல் 60 சதவீதம், அதாவது 111 மிமீ. மேலும் கீழும் சேர்த்து 222, ரிம் 381, மொத்த விட்டம் 603 மிமீ. இப்போது இருப்பது 205/55 ஆர்16, அதே கணக்கில் 632. டயர் 29 மிமீ பெரிது, 4.8 சதவீதம். பொதுவாக 3 சதவீதத்தைத் தாண்டாதே என்று டயர்காரர்களே சொல்வார்கள். டயரின் உச்சி ஃபெண்டரை நோக்கி 14.5 மிமீ ஏறிவிட்டது, இது ஸ்பிரிங் எதையும் தொடாமலே. மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிடக் கிட்டத்தட்ட 5 கிமீ அதிகமாக ஓடுகிறீர்கள், அதையும் மனதில் வையுங்கள்.

அகலம் அடுத்தது. பழைய வீலின் பின்புறம் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள், 6ஜே, ஈடி 38 என்று இருக்க வேண்டும். அப்படியானால் ஈடி 3 குறைந்ததில் வீல் 3 மிமீ வெளியே வந்தது, டயர் 20 மிமீ அகலமானதில் பக்கத்துக்கு 10. ஆக டயர் வெளிப்பக்கம் 13 மிமீ பிதுங்கியிருக்கிறது, உள்பக்கம் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) நோக்கி 7 மிமீ நெருங்கியிருக்கிறது. பின்னால் ஸ்பேசர் 8ஐயும் சேருங்கள், 21 மிமீ வெளியே. கிட்டத்தட்ட ஒரு கட்டை விரல் அகலம். பின் டயர் ஃபெண்டரைத் தொடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சின்னமலை_ஜிடி | ஞாயிறு, காலை 7.20

சார், உங்கள் கணக்கு சரி. ஆனால் இறக்கியதால்தானே உரசுகிறது? இறக்காமல் இதே டயரைப் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே.

கணக்குவாத்தியார் | ஞாயிறு, காலை 8.02

பலர் தவறாக நினைக்கும் இடம் இது, கொஞ்சம் நின்று பேசலாம். சக்கரம் மேலே எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப். ஷாக் தண்டில் மாட்டியிருக்கும் அந்த நுரை ரப்பர். கம்பெனி ஸ்பிரிங்காக இருந்தாலும் லோயரிங் ஸ்பிரிங்காக இருந்தாலும் பெரிய பள்ளத்தில் சக்கரம் போய் முட்டும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். இறக்கிய வண்டி அந்த இடத்துக்கு அடிக்கடி போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே போகும்போது டயர் ஃபெண்டரில் படுகிறதா இல்லையா என்பது டயர் சைஸ், ஈடி, ஸ்பேசர் மூன்றின் கணக்கு. இறக்காத வண்டியில் அதே டயர் மாதத்துக்கு ஒருமுறை உரசும், இவர் வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் உரசுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பம்ப் ஸ்டாப்பை வெட்டியிருந்தால் சக்கரம் கம்பெனி நினைத்ததைவிட மேலே போகும். ஆழியாறு, உங்கள் பட்டறையில் வெட்டினார்களா?

ஆழியாறு_டீசல் | ஞாயிறு, காலை 9.15

முன்னால் இரண்டையும் பாதியாக வெட்டினார்கள் சார். "லோயரிங்குக்கு வெட்டித்தான் ஆகணும்" என்று என் கண் முன்னாலேயே கத்தியால் அறுத்தார். பழைய வீலில் நீங்கள் சொன்னதுதான் இருக்கிறது, 6ஜே, ஈடி 38.

மழைக்காடு_வால்பாறை | ஞாயிறு, காலை 9.50

நான் வாரம் இருமுறை இந்த 40 கொண்டை ஊசியும் ஏறி இறங்குகிறவன். இடது வளைவில் வண்டி வலது பக்கம் சாயும், முழு எடையும் வலது பின் சக்கரத்தில் உட்காரும், அதனால் அங்கே உரசுவது இயற்கைதான். கேள்வி என்னவென்றால் வலது வளைவில் இடது பின் டயர் ஏன் உரசவில்லை? இரண்டு பக்கமும் ஒரே டயர், ஒரே ஸ்பேசர்தானே.

ஸ்பானர்சேலம் | ஞாயிறு, பிற்பகல் 2.30

மழைக்காடு கேட்டதுதான் சரியான கேள்வி. இருபத்திரண்டு வருஷமாக வண்டிக்கு அடியில் கிடக்கிறேன் தம்பி, ஒரு பக்கம் மட்டும் வருகிற சத்தம் டயர் சைஸ் மட்டும் போடுகிற சத்தம் இல்லை. சைஸ் தப்பு என்றால் இரண்டு பக்கமும் பாடும். இங்கே இரண்டு வியாதி கலந்து கிடக்கிறது, ஒன்று வாத்தியார் சொன்னது, இன்னொன்று மாட்டியதில் உள்ளது. கலந்து கிடக்கும்போது டிங்கரிடம் போனால் ஃபெண்டர் பெயின்ட் வெடித்துத் துருப்பிடிப்பதுதான் மிச்சம்.

முதலில் அளவு எடு. ஃபெண்டர் அடிப்பக்கத்தில் இருந்து தரை வரை அளக்காதே, காற்று குறைந்தாலும் அளவு மாறும். சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை, நான்கு மூலையும். சமதரை வேண்டும், வண்டியில் யாரும் இருக்கக் கூடாது. அளப்பதற்கு முன்னால் வண்டியை இருபது அடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்து, ஜாக்கியில் இருந்து இறக்கியதும் அளந்தால் பொய் சொல்லும்.

அப்புறம் கோலமாவு. தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குக் குழைத்து நான்கு லைனரிலும் ஃபெண்டர் உள் மடிப்பிலும் பூசு, காய விடு, நான்கு பேரை ஏற்றி ஒரு சுற்றுப் போய்விட்டு வா. எங்கே மாவு துடைபட்டிருக்கிறதோ அங்கேதான் உரசல். காதை நம்பாதே, சத்தம் தகரத்தில் ஓடி வேறு எங்கோ கேட்கும்.

ஆழியாறு_டீசல் | ஞாயிறு, இரவு 9.10

வீட்டில் கோலமாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் பலன் இருக்கிறது.

அளவு: முன் இடது 341, முன் வலது 333. பின் இடது 352, பின் வலது 345. எல்லாம் மிமீ. மச்சானிடம் இதே 1.5 டீசல் எதையும் மாற்றாமல் இருக்கிறது, அதையும் அளந்தேன்: முன்னால் 380, 379. பின்னால் இரண்டும் 384.

மாவு: முன் இடது லைனரின் முன் ஓரத்தில், பம்பர் சேரும் இடத்தில், உள்ளங்கை அளவுக்குச் சுத்தமாகத் துடைபட்டிருந்தது. குனிந்து பார்த்தால் அங்கே இருக்க வேண்டிய ஸ்க்ரூ இரண்டு இல்லை, லைனர் தொங்கிக்கொண்டு இருக்கிறது! வலது பக்கம் ஸ்க்ரூ எல்லாம் இருக்கிறது. முன் லைனர் இரண்டின் உச்சியிலும் டயர் பட்டை பட்டையாகத் தடவிய தடம். பின் வலது மடிப்பில் ஒரு ஜாண் நீளத்துக்கு மாவு போய், பெயின்டும் கொஞ்சம் போயிருந்தது. பின் இடது பக்கம் அப்படியே வெள்ளையாக.

கணக்குவாத்தியார் | ஞாயிறு, இரவு 9.35

அந்த லாக் சத்தத்துக்கு விலை இரண்டு ஸ்க்ரூ! இதற்குத்தான் லைனரை வெட்டச் சொன்னார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மச்சான் வண்டியோடு ஒப்பிட்டால் பின்னால் சராசரி 35, 36 இறங்கியிருக்கிறது, சொன்னது சொன்னபடி. முன்னால் சராசரி 43. ஒரே செட் ஸ்பிரிங்கில் முன்னால் ஏன் 8 மிமீ அதிகம்?

சின்னமலை_ஜிடி | ஞாயிறு, இரவு 9.52

வலது முன் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது போல. 333தானே எல்லாவற்றிலும் குறைவு. டிரைவர் சீட் பக்கம் வேறு.

ஸ்பானர்சேலம் | ஞாயிறு, இரவு 10.40

அவசரப்படாதே. நான்கு அளவை வைத்துக்கொண்டு மட்டும் எந்த மூலை குற்றவாளி என்று சொல்ல முடியாது. பாடி ஒரு பெட்டி மாதிரி, வளையாது. முன்னால் இடது 8 மிமீ உயரம், பின்னாலும் இடது 7 மிமீ உயரம், பார். இதில் முன்னால் கோளாறு பின்னால் தெரிகிறதா, பின்னால் கோளாறு முன்னால் தெரிகிறதா? டீக்கடை பெஞ்சில் ஒரு கால் நீளமாக இருந்தால் அந்தக் காலும் அதற்கு எதிர் மூலைக் காலும்தான் தரையை அழுத்தும், மற்ற இரண்டும் அந்தரத்தில் ஆடும். வண்டியும் அப்படித்தான். முன் இடது மூலை தூக்கினால் எடை முன் இடதிலும் பின் வலதிலும் போய் உட்காரும். இவருக்கு உரசுவது எந்த மூலை? பின் வலது. எனக்குச் சந்தேகம் முன் இடதில்தான், ஆனால் சந்தேகம் போதாது.

இப்படிச் செய். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வை. ட்ராலி ஜாக்கியை முன்னால் சப்ஃபிரேமின் (இன்ஜினுக்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டம்) நட்டநடுவில் மரக்கட்டை வைத்துக் கொடுத்து, முன் சக்கரம் இரண்டும் தரையை லேசாக விடும் வரை தூக்கு. இப்போது முன்னால் ஒரே புள்ளியில் நிற்கிறது, எந்தப் பக்கமும் சாய்க்காது. இந்த நிலையில் பின்னால் இடதும் வலதும் அள. சமமாக வந்தால் பின்பக்கம் சுத்தம். அப்புறம் மாற்றி, பின்னால் நடுவில் தூக்கி முன்னால் அள. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் பீமின் நடுவில் ஜாக்கி கொடுக்கக் கூடாது, வளைந்துவிடும். இரண்டு பக்க ஜாக்கி பாயின்டுக்கும் குறுக்கே கட்டை போட்டு அதன் நடுவில் கொடு, துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொள். எந்த நிலையிலும் வண்டிக்கு அடியில் தலையை விடாதே.

ஆழியாறு_டீசல் | திங்கள், இரவு 8.25

அண்ணா, செய்தேன். முன்னால் தூக்கியபோது பின் இடது 347, பின் வலது 346.
பின்னால் தூக்கியபோது முன் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் 8 இல்லை, 13!

கணக்குவாத்தியார் | திங்கள், இரவு 8.41

அழகு. பின்பக்கம் இவ்வளவு நாள் முன்னால் இருந்த கோளாறை இழுத்துப் பிடித்துப் பாதி மறைத்திருக்கிறது. உண்மையான கோளாறு 13 மிமீ, இருக்கும் இடம் முன்னால். இனி கேள்வி ஒன்றுதான்: இடது கூடுதலா, வலது குறைவா?

ஸ்பானர்சேலம் | திங்கள், இரவு 10.15

இடது கூடுதல் என்றால் பார்க்க வேண்டிய இடம் மூன்று. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கீழ்த் தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. மேல் மவுன்ட் பேரிங் தலைகீழாக மாட்டியிருக்கிறதா. மூன்றாவது, இந்த வண்டிக்கே உரியது. மாருதி மாதிரி இதில் ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கர ஹப்பைத் தாங்கும் இரும்புத் துண்டு) இரண்டு போல்ட் போட்டுச் சேர்ப்பதில்லை. நக்கிளில் ஒரு குழல் இருக்கும், ஸ்ட்ரட்டின் கீழ்ப்பக்கம் அதற்குள் இறங்கும், ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும், சைக்கிள் சீட் குழாய் மாதிரி. சைக்கிள் சீட்டைப் பாதி உயரத்தில் வைத்து இறுக்கினால் என்ன ஆகும்? அதேதான்.

அந்தக் குழலின் பிளவை விரித்துப் பிடிக்க ஒரு சாவி உண்டு. அது இல்லாதவன் உளியைச் சொருகி அடிப்பான். ஸ்ட்ரட் பாதி இறங்கும், இறங்கிவிட்டது என்று நினைத்து இறுக்கிவிடுவான்.

சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார். உன்னுடையது பழைய ஸ்ட்ரட், 92,000 கிமீ சேறும் தூசியும் படிந்தது. நக்கிளுக்குள் ஒளிந்திருந்த பகுதி மட்டும் புதுசு மாதிரி இருக்கும். அது வெளியே தெரிந்தால் அப்புறம் பேச எதுவும் இல்லை.

ஆர்டிஓ_பக்கத்துவீடு | திங்கள், இரவு 10.50

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இந்த மாதிரி வேலைகளைத்தான்.

சின்னமலை_ஜிடி | திங்கள், இரவு 11.02

வந்துவிட்டார் ஐயா.

ஆர்டிஓ_பக்கத்துவீடு | திங்கள், இரவு 11.06

வராவிட்டால் "ஏன் முன்பே சொல்லவில்லை" என்பீர்கள்.

ஆழியாறு_டீசல் | செவ்வாய், இரவு 7.55

இருக்கிறது அண்ணா. ஸ்ட்ரட் குழாய் முழுக்க மண் நிறம், நக்கிளுக்குச் சற்று மேலே மட்டும் பளபளவென்று ஒரு கறுப்பு வளையம், ஒரு விரல் அகலம். ஸ்கேல் வைத்தேன், 13 மிமீ. வலது பக்கம் அந்த வளையமே இல்லை, மண் கோடு நக்கிளின் வாயிலேயே முடிகிறது. இடது நக்கிளின் பிளவில் உளி பட்ட காயமும் இருக்கிறது.

கை நடுங்கிவிட்டது. 1,400 கிமீ, அதில் மூன்று தடவை வால்பாறை.

ஸ்பானர்சேலம் | செவ்வாய், இரவு 8.20

வண்டியை எடுக்காதே. பட்டறைக்கும் ஓட்டிப் போகாதே, தூக்கிப் போகும் வண்டியில் அனுப்பு. பாதிப் பிடியில் நிற்கிற ஸ்ட்ரட் அது. பிரிக்கும்போது அந்தக் காயத்தை அரத்தால் தேய்த்துவிட்டு, விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல். போல்ட்டும் நட்டும் புதுசு போடு, பழையதை மறுபடி இறுக்கக் கூடாது.

இன்னொன்று, லோயர் ஆர்ம் (நக்கிளைக் கீழே பிடிக்கும் கை) புஷ் ரப்பரின் போல்ட்டை ஸ்பிரிங் மாற்றியபோது கழற்றியிருந்தால், சக்கரம் தொங்கிக்கொண்டு இருக்கும்போதே இறுக்கியிருப்பார்கள். அப்படி இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிடக்கும், வண்டி விறைப்பாகத் தாவும், புஷ் சீக்கிரம் கிழியும். தளர்த்தி, நான்கு சக்கரமும் தரையில் எடை தாங்கி நிற்கும்போது இறுக்கச் சொல்.

கணக்குவாத்தியார் | செவ்வாய், இரவு 8.48

சக்கரம் கழற்றியிருக்கிறீர்கள் இல்லையா, மாட்டும்போது ஒரு வேலை செய்யுங்கள். பின் சக்கர போல்ட் ஒன்றை ஸ்பேனர் இல்லாமல் கையால் சுற்றி, பிடிக்க ஆரம்பித்ததில் இருந்து நிற்கும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இதில் நட் கிடையாது, போல்ட் நேராக ஹப்பில் போகிறது. ஸ்பேசர் போட்டால் அந்த அளவுக்கு நீளமான போல்ட் போட வேண்டும். எம்14 (14 மிமீ தடிமன்), 1.5 பிட்ச் (ஒரு சுற்றுக்கு 1.5 மிமீ உள்ளே போகும்). ஏழு எட்டுச் சுற்றாவது பிடிக்க வேண்டும். போல்ட்டின் கழுத்தையும் பாருங்கள்: கம்பெனி போல்ட்டுக்கு உருண்டைக் கழுத்து, வெளி அலாய்கள் பெரும்பாலும் கூம்புக் கழுத்து கேட்கும். உருண்டையைக் கூம்பில் இறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் பிடி கிடைக்கும்.

ஆழியாறு_டீசல் | செவ்வாய், இரவு 9.30

கழுத்து கூம்புதான், அது சரி. சுற்று நாலரை. ஸ்பேசரைக் கழற்றி எண்ணினேன், கிட்டத்தட்ட பத்து.

ஸ்பேசர் இரண்டும் இப்போது குப்பைத் தொட்டியில்.

மழைக்காடு_வால்பாறை | செவ்வாய், இரவு 9.44

நாலரைச் சுற்றில் ஆழியாறு மலைப் பாதையா. உங்கள் குலசாமி நல்ல சாமி.

ஆழியாறு_டீசல் | சனி, மாலை 6.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். கோயம்புத்தூரில் விரிக்கும் சாவி வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு வண்டியைத் தூக்கிப் போனேன். நக்கிளில் விரிசல் இல்லை. ஸ்ட்ரட் முழுக்க இறங்கியது, லோயர் ஆர்ம் போல்ட் தரையில் வைத்து இறுக்கினார்கள், லைனர் ஸ்க்ரூ இரண்டும் போட்டாயிற்று. இப்போது அளவு: முன்னால் 331, 330. பின்னால் 349, 348. சமம்! கேம்பர் (சக்கரம் செங்குத்தில் இருந்து சாயும் கோணம்) முன்பு இடது மைனஸ் 25 நிமிடம், வலது மைனஸ் 50 என்று இருந்தது, இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்று. இழுப்பும் போய்விட்டது. ரோடு சரிவு என்றாரே ஒருவர், அதே ரோடுதான்.

ஆனால் ஒரு விஷயம் மோசமாகிவிட்டது. முன்னால் அந்த "டம்" இப்போது வேகத்தடையில் மட்டும் இல்லை, சின்னக் குழியிலும் வருகிறது. முன் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் சுண்டு விரல்தான் நுழைகிறது.

கணக்குவாத்தியார் | சனி, மாலை 7.00

எதிர்பார்த்ததுதான். இடது ஸ்ட்ரட் 13 தூக்கி நின்றதால் முன்பக்கச் சராசரி 6.5 உயர்ந்து தெரிந்தது. அந்தப் பொய் போனதும் உண்மை தெரிகிறது: முன்னால் 49 மிமீ இறங்கியிருக்கிறது. பின்னால் 35. டயர் ஆரம் 316, ஃபெண்டர் 330, நடுவில் 14 மிமீ. அதோடு பம்ப் ஸ்டாப் வேறு பாதி. இந்த முன் ஸ்பிரிங் உங்கள் வண்டிக்கு உரியது அல்ல என்று பந்தயம் கட்டுவேன். சுற்றில் அச்சடித்த எண் இருக்கும், தயாரிப்பாளர் பட்டியலில் தேடுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் முன் ஆக்சில் அதிகபட்சம் எத்தனை கிலோ என்று போட்டிருப்பார்கள். உங்கள் வண்டித் தகட்டில் "1" என்று போட்டு முன் ஆக்சிலுக்கு ஒரு எடை இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஆழியாறு_டீசல் | சனி, இரவு 9.20

பந்தயம் ஜெயித்தீர்கள் சார். பட்டியலில் அந்த எண் 1.2 பெட்ரோலுக்கு. மூன்று சிலிண்டர் இன்ஜின். தகட்டில் இருக்கும் எடை ஸ்பிரிங்கின் எல்லையைத் தாண்டுகிறது. விற்றவரிடம் கேட்டேன், "போலோ எல்லாம் ஒண்ணுதான் ப்ரோ" என்றார்.

சின்னமலை_ஜிடி | சனி, இரவு 9.41

நான் சொன்ன ஃபெண்டர் தட்டும் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். என் வண்டியிலும் நாளைக்கு டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறேன், தூக்கம் வராது இல்லையென்றால்.

ஸ்பானர்சேலம் | சனி, இரவு 10.10

பாரு. போல்ட் சுற்றையும் எண்ணு.

தம்பி ஆழியாறு, கம்பெனி ஸ்பிரிங்கை எடைக்குப் போட்டுவிட்டாயா?

ஆழியாறு_டீசல் | சனி, இரவு 10.18

இல்லை அண்ணா, பரணில் இருக்கிறது. அப்பா எதையும் எடைக்குப் போட விட மாட்டார், முதல் தடவையாக அதற்கு நன்றி.

ஸ்பானர்சேலம் | சனி, இரவு 10.31

அப்படியானால் அதையே போடு. பம்ப் ஸ்டாப் முழுசு, புதுசு. ஷாக் 92,000 ஓடியது, பிரிக்கும்போது எண்ணெய் கசிவு இருந்தால் அதையும் மாற்று, இன்னொரு தடவை பிரிக்கிற கூலி மிச்சம். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் டீசலுக்கு உரிய ஸ்பிரிங் கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். டயரை வாத்தியாரிடம் கேள்.

கணக்குவாத்தியார் | சனி, இரவு 10.45

205/50 ஆர்16 என்றால் 611 மிமீ, 1.4 சதவீதம்தான் கூடுதல். 195/50 என்றால் 601, கிட்டத்தட்ட பழையதேதான், ஆனால் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. ஸ்பேசர் இல்லாமல் 205/50 இந்த வீலில் பின்னால் உரசக் கூடாது. உரசினால் மறுபடி கோலமாவு. ஸ்டெப்னி இன்னும் 15 இன்ச்தானே? 603 அது. முன்னால் ஒரு பக்கம் 632, இன்னொரு பக்கம் 603 என்று இத்தனை நாள் பங்க்சர் ஆகாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம், 611 என்றால் பங்க்சர் கடை வரைக்கும் ஓட்டிப் போகலாம்.

ஆழியாறு_டீசல் | அடுத்த ஞாயிறு, இரவு 8.05

கம்பெனி ஸ்பிரிங், புது பம்ப் ஸ்டாப், முன்னால் புது ஷாக் இரண்டு, 205/50 ஆர்16. ஷாக்கில் கசிவு இருந்தது. 205/55 டயர் நான்கையும் பாதி விலைக்கு ஒருவர் எடுத்துக்கொண்டார், அவர் வண்டிக்கு அதுதான் ஒரிஜினல் சைஸ். மொத்தச் செலவைச் சொன்னால் வீட்டில் யாராவது இந்த இழையைப் படித்துவிடுவார்கள், விடுங்கள்.

இன்று நான்கு பேர், டிக்கியில் இரண்டு பை, கிளம்பும் முன் மாவு பூசிக்கொண்டு வால்பாறை. 9ஆவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தினேன். மற்றவர்கள் அணையைப் படம் பிடித்தார்கள், நான் வலது பின் ஃபெண்டருக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டு இருந்தேன். மேலே வரையாடு நின்று என்னையே பார்த்தது. மாவு அப்படியே இருந்தது. 40 வளைவும் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து பார்த்தேன், முன் இடது லைனரில் மட்டும் விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். அது கல் பட்டதாகத் தெரிகிறது. வண்டி பார்க்க மறுபடி ஜீப் மாதிரி தூக்கி நிற்கிறது, பரவாயில்லை.

சின்னமலை_ஜிடி | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

எனக்கு ஸ்ட்ரட் சரி. பின் போல்ட் ஆறு சுற்று. நீள போல்ட் ஆர்டர் போட்டுவிட்டேன், வரும் வரை ஸ்பேசர் கழற்றியாயிற்று.

ஸ்பானர்சேலம் | அடுத்த ஞாயிறு, இரவு 9.12

நல்லது. ஆழியாறு, அலாய் கழற்றி மாட்டி மலை ஏறி இறங்கியிருக்கிறாய். 50, 100 கிமீ ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து 120 நியூட்டன் மீட்டரில் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்தாயா?

ஆழியாறு_டீசல் | அடுத்த ஞாயிறு, இரவு 9.50

இப்போதுதான் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் அண்ணா. பத்தொன்பது போல்ட் அசையவில்லை. பின் இடதில் ஒன்று மட்டும் கால் சுற்று போனது.

ஸ்பானர்சேலம் | அடுத்த ஞாயிறு, இரவு 9.58

அதை நாளைக்குக் காலையில் இன்னொரு தடவை பார்.